பங்கு பிரிக்க முடியாத நுண்ணோக்கி

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வேர்க்காரி என்று பெயர். அவள் கணவனுக்கு மீன்காரன். நேரில் 'மேடம்', 'சார்' என்று குழைகிறவர்கள் இவர்கள் முதுகைத் திருப்பியதும் இப்படித்தான் சொல்வார்கள். பெயரில் தப்பு ஒன்றும் இல்லை. அவள் செடிகளின் வேரை ஆராய்ந்தாள். அவன் மீன் முட்டைக்குள் இதயம் எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்தான்.

அவள் ஒரு பேருந்து நடத்துநரின் இரண்டாவது மகள். டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டு, இடம் கிடைக்காமல், வீட்டில் சும்மா இருப்பதற்கு இது தேவலை என்று தாவரவியலில் சேர்ந்தவள். முதலில் எல்லாம் வேண்டாவெறுப்பாகத்தான் போனது. படிப்பு முடியும் தறுவாயில் ஒரு நாள், ஒளிரும் வேர் ஒன்றை மாணவர்களுக்கு நுண்ணோக்கியில் காட்டினார்கள். கடலில் வாழும் ஜெல்லி மீனின் மரபணு ஒன்றை எடுத்துச் செடிக்குள் வைத்திருந்தார்கள். நீல ஒளி பட்டால் வேரின் ஒவ்வொரு செல்லும் ஓரத்தில் கோடு போட்டது போலப் பச்சையாக மின்னும். வரிசையில் வந்தவள் கண்ணை எடுக்காமல் குனிந்தே நின்றுவிட்டாள். பின்னால் நின்றிருந்தவன் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஹலோ, படம் முடிஞ்சுடுச்சு, எழுந்திரிங்க" என்றான். அவன்தான் பிற்பாடு மீன்காரன் ஆனான்.

மீன்காரனின் அம்மா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊராரின் இணைப்புகளைக் கொடுத்துக்கொண்டிருந்தவர் என்பதால், யார் பேசினாலும் வாயைத் திறந்த மாத்திரத்தில் விஷயத்தைப் பிடித்துவிடுவார். மகனும் மருமகளும் கல்யாணத்துக்குப் பிறகும் ஒருவரை ஒருவர் 'நீ, வா, போ' என்று பேசிக்கொள்வதை அவர் கண்டுகொள்ளவில்லை. மருமகளுக்கு அவர் அத்தை. அவருக்கு மருமகள் கண்ணு.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். சேர்ந்து விண்ணப்பம் எழுதி, பல படிகள் ஏறி இறங்கி, கன்ஃபோகல் நுண்ணோக்கி ஒன்றை அங்கே வரவழைத்தார்கள். அது வந்து இறங்கிய அன்று வீட்டில் வேறு பேச்சே இல்லை.

"அப்படி என்னதான் விசேஷம் அதுல? காலேஜ்ல இருந்ததும் மைக்ராஸ்கோப்தானே?" என்று கேட்டார் அத்தை.

"அது வேற அத்தை. அதுல வேரை வெச்சா மேல இருக்கிறது கீழ இருக்கிறது எல்லாம் ஒண்ணாக் கலந்து மங்கலாத் தெரியும். இதுல லேசர் ஒரு புள்ளியாப் போயி வேரைத் தடவிக்கிட்டே வரும். திரும்பி வர்ற வெளிச்சத்தை ஊசி முனை அளவு ஓட்டை வழியாத்தான் உள்ள விடும். நாம எந்த ஆழத்தைப் பாக்கணுமோ அந்த ஆழத்து வெளிச்சம் மட்டும் அதுல நுழையும். மத்ததெல்லாம் வெளியவே நின்னுடும்."

"அப்புறம்?"

"கொஞ்சம் கீழ இறக்கி இன்னொரு படம். அதுக்கும் கீழ இன்னொண்ணு. எல்லாத்தையும் அடுக்கினா உள்ள இருக்கிற ஒவ்வொரு செல்லும் தெரியும். வேர் உயிரோடவே இருக்கும்."

"வெட்டாமயே வெட்டிப் பாக்கறீங்க."

"ஆமா அத்தை."

"நல்லா இருங்க. அதை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துடாதீங்க, இடம் இல்லை."

நுண்ணோக்கி வந்து சில ஆண்டுகளில் அவர்கள் பிரிந்தார்கள். பெரிய காரணம் எதுவும் இருந்ததாகச் சொல்ல முடியாது. சண்டை கூட இல்லை. பேச்சு வேலையைப் பற்றியதாகச் சுருங்கி, பிறகு அதுவும் நின்றது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன், "நாம ஏன் ஒரே வீட்ல இருக்கோம்னு எனக்குச் சில நேரம் தெரியவே மாட்டேங்குது" என்றான். அவள், "எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றாள். அத்தை தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

வக்கீல் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். குழந்தை இல்லை. வீடு அவள் பேரில். "ரெண்டு பேருக்கும் பொதுவா, பங்கு பிரிக்க வேண்டியது ஏதாவது இருக்கா?" என்றதும் இருவரும் ஒரே நேரத்தில் "கன்ஃபோகல்" என்றார்கள். வக்கீல் அதை நாய்க்குட்டியின் பெயர் என்று நினைத்துக்கொண்டு, "யாருகிட்ட ரொம்ப ஒட்டுதலா இருக்கும்?" என்று கேட்டார். பிரிவதற்கு வந்தவர்கள் அங்கே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு கையெழுத்துப் போட்டார்கள்.

பிரிக்க முடியாத இன்னொன்று அத்தை. மகன் பெட்டியைக் கட்டிக்கொண்டு, "கிளம்பும்மா" என்றபோது அவர் நாற்காலியைவிட்டு அசையவில்லை.

"நீ பாத்திருக்கிற வீடு மாடியில. லிஃப்ட் கிடையாது. என் முட்டி அதுக்கு ஒத்துக்காது. அதுவும் இல்லாம டைவர்ஸ் உங்க ரெண்டு பேருக்கும்தானே? என்னை யாரும் எதுவும் கேக்கலையே?"

அவன் மனைவியாக இருந்தவளைப் பார்த்தான். அவள், "இருக்கட்டும்" என்றாள். அத்தை அங்கேயே இருந்தார்.

நிலையத்தில் ஏற்பாடு எளிதாக அமைந்தது. அந்த மீன்கள் விடிந்ததும் முட்டையிடுபவை. அதனால் காலை நேரம் அவனுக்கு. பிற்பகல் அவளுக்கு. பழைய வகை லேசர், போட்டால் சூடேறி நிதானத்துக்கு வர வெகு நேரம் பிடிக்கும். அடிக்கடி அணைத்துப் போட்டால் அதன் ஆயுள் குறையும். ஆகவே வேலையை முடித்து எழுந்திருப்பவர் அடுத்து வருபவருக்குச் சொல்லியாக வேண்டும்.

"லேசர் ஆன்ல இருக்குங்க" என்பான் அவன்.

"சரிங்க" என்பாள் அவள்.

பிரிந்த பிறகு இருவரும் 'நீங்க'வுக்கு மாறியிருந்தார்கள். பிறத்தியார் முன்னால் அது மரியாதையாக இருந்தது. யாரும் இல்லாதபோதும் அதையே கடைப்பிடித்தார்கள்.

மனஸ்தாபம் வந்தது லென்ஸால்தான். மீன் முட்டையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்துவிட்டு அவன் லென்ஸை ஒழுங்காகத் துடைக்க மாட்டான். அந்தத் தண்ணீரில் உப்பு உண்டு. காய்ந்து வெள்ளையாகப் படிந்திருக்கும். அவள் தினமும் அதற்கென்று இருக்கும் மெல்லிய தாளை எடுத்துத் துடைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். வீட்டுக்கு வந்து பொருமினால் அத்தை, "குளிச்சுட்டு வந்தா ஈரத் துண்டை எங்க போடுவான்னு உனக்குத் தெரியாதா என்ன?" என்பார். யார் பக்கம் பேசுகிறார் என்று கண்டுபிடிக்க முடியாது.

அவள் அப்போது ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்க வேர் முளைப்பது தாய் வேரின் தோலிலிருந்து அல்ல, உள்ளே ஆழத்திலிருந்து. அது வெளியே வர, மேலே இருக்கும் செல் அடுக்குகளைத் தாண்டியாக வேண்டும். அந்த மேல் செல்கள் நசுங்கிச் செத்து வழிவிடுகின்றனவா, உயிரோடு இருந்துகொண்டே விலகுகின்றனவா? வேரை வெட்டிச் சாயமேற்றிப் பார்த்தால் செத்த வேரின் ஒரு நொடிதான் தெரியும். உயிருள்ள வேரை, அடுக்கடுக்காக, மணிக்கணக்கில் பார்த்தால்தான் விடை. அதில் ஒரு சங்கடம் இருந்தது. தெளிவான படம் வேண்டுமென்று லேசரைக் கூட்டினால் பச்சை சீக்கிரம் மங்கிப்போகும், வேரும் வாடும். குறைத்தால் படம் மணலைத் தூவியது போல வரும். போதாக்குறைக்கு வேர் வளர்ந்துகொண்டே நகரும். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் திரையில் வெறும் கறுப்பு.

அவனுடைய மீன் தொட்டி அறை, நுண்ணோக்கி அறைக்கு நேர் மேலே இருந்தது. ஒரு பிற்பகல் அவள் இருட்டில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. கையை நீட்டினாள், ஈரம். விளக்கைப் போட்டால், கூரையிலிருந்து தண்ணீர் சொட்டி நுண்ணோக்கியின் தலைமீது வழிந்துகொண்டிருந்தது. நுண்ணோக்கிக்குப் போகும் மின்சாரத்தை மொத்தமாக அணைத்தாள். மூலையில் கிடந்த பெரிய பிளாஸ்டிக் உறையை இழுத்து மேலே பிடித்தபடி மற்றொரு கையால் போனை எடுத்தாள்.

"டேய்! மேல என்னடா பண்ற? இங்க தண்ணி கொட்டுது!"

அவன் முழங்கால்வரை நனைந்து, காலில் செருப்பில்லாமல் ஓடிவந்தான். நுண்ணோக்கி அதிர்வு தாங்கும் கனத்த மேசையில் பதிந்து நின்றது. நகர்த்த வழியில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் உறையைப் பந்தல் மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"குழாயை மூடிட்டியா?"

"மூடிட்டேன்."

"நிஜமாவா?"

"மூடிட்டேன்னு சொல்றேன்ல. தரையில நிக்கிற தண்ணிதான் இறங்குது."

"ஏன் தெறந்து போட்டுட்டுப் போன?"

"தொட்டி ரொம்பறதுக்குள்ள ஒரு போன் வந்துச்சு. வெளிய போய்ப் பேசினேன்."

"யாரு?"

"வேற ஊர்ல ஒரு வேலை."

"கிடைச்சிடுச்சா?"

"கிடைச்ச மாதிரிதான்."

"நல்லது. அந்த மூலையைத் தூக்கிப் பிடி, ஒழுகுது."

கை மரத்துப்போகும்வரை நின்றார்கள். தண்ணீர் நின்றபோது அவன், "உன் வேர்?" என்றான். நுண்ணோக்கி மேடையிலிருந்த கண்ணாடித் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். வேர் காய்ந்து சுருண்டிருந்தது. "போச்சு" என்றாள்.

இயக்குநர் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். அவன் சுற்றி வளைக்கவில்லை. "நான்தான் சார் குழாயை மூட மறந்தேன்" என்றான். இயக்குநர் அவளிடம் திரும்பி, இனி அந்த அறை முழுக்க அவள் பொறுப்பில் இருக்கட்டும், அவன் அங்கே வர வேண்டியதில்லை என்றார். தனக்குச் சாதகமாகத்தான் பேசுகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது.

"குழாயைத் தெறந்து விட்டது இவன் தப்புதான் சார். ஆனா தண்ணித் தொட்டிக்குக் கீழ மைக்ராஸ்கோப் வேண்டாம்னு நாங்க ரெண்டு பேரும் ஆரம்பத்துலயே சொன்னோம். வேற ரூம் இல்லைன்னு சொன்னீங்க. ரிப்பேர் பண்ணி மறுபடி அதே ரூம்ல வெச்சா இவன் இல்லாமப் போனாலும் தண்ணி வரும்."

இயக்குநர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து வைத்தார். "வேற ரூம் பாக்கச் சொல்றேன்" என்றார்.

நுண்ணோக்கியை விற்ற கம்பெனியிலிருந்து இன்ஜினியர் வந்தார். மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, யாருக்கோ மோசமான செய்தி சொல்வது போலக் குரலைத் தாழ்த்தினார்: "கண்ணு போயிடுச்சு மேடம்." வெளிச்சத்தைப் பிடிக்கும் பகுதியைத்தான் அப்படிச் சொன்னார். அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வர மாதங்கள் ஆகும் என்றார்.

அந்த மாதங்களில் இருவருக்கும் கையொடிந்தது போல இருந்தது. அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்க வரத் தொடங்கினான். மூவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். 'நீங்க' போய்விட்டிருந்தது, இருவருமே அதைத் திரும்பக் கொண்டுவரவில்லை.

ஒரு நாள் அவன் அவளுடைய ஆய்வறைக்கு வந்து, அவள் வேரை எப்படித் தயார் செய்கிறாள் என்று கேட்டான். காட்டினாள்.

"ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல வெச்சு நசுக்கினா அது ஓடத்தானே செய்யும்? மூச்சு விட இடம் கொடு. நாங்க மீன் முட்டையைக் கடல்பாசி ஜெல்லுக்குள்ளதான் படுக்க வெப்போம்."

"சூடா ஊத்தினா வெந்துடும்."

"சீக்கிரம் இறுகாத ஜெல் ஒண்ணு இருக்கு. கை பொறுக்கிற சூடு வர்றவரைக்கும் ஆற வெச்சு ஊத்தணும். பொறுமை வேணும். உன்கிட்டதான் அது நிறைய இருக்கே."

"இருந்துச்சு" என்றாள்.

முதலில் ஊற்றிய வேர்கள் செத்தன. அடுத்து ஊற்றியவை ஜெல்லுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றன. அவன் சிரித்தான்; அவளுக்கு எரிச்சலாக வந்தது. அவன் போன பிறகு ஜெல்லை இன்னும் இளக்கமாகக் காய்ச்சி ஊற்றினாள். மறுநாள் வேர்கள் நேராக, வெள்ளை நூல்களாக, உயிரோடு இருந்தன.

அவன் ஊரைவிட்டுக் கிளம்பும் நாள் நெருங்கியபோது அத்தை அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏன் கண்ணு, சேர்ந்துடுவீங்களா?"

"இல்ல அத்தை."

"எனக்குத் தெரியும். சும்மா கேட்டேன். கேக்காம விட்டா, கேட்டிருக்கலாமோன்னு பின்னாடி உறுத்தும்."

அவன் போனான். அத்தை கொஞ்ச நாள் மகனோடு இருந்துவிட்டு வருகிறேன் என்று போய், சொன்னதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டார். "அங்க யாரும் சத்தமாவே பேச மாட்டேங்கறாங்க. காது செத்துப்போச்சு" என்றார்.

பழுது பார்த்த நுண்ணோக்கி வேறொரு அறையில் நிலைகொண்டது. மேலே மாடியே இல்லாத அறை. அவளுக்கு இப்போது நாள் முழுவதும் கிடைத்தது. ஜெல்லில் படுத்த வேரை மேடையில் வைத்து, லேசரை இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குக் குறைத்து, இடைவெளிவிட்டு அடுக்கடுக்காகப் படம் எடுக்க வைத்தாள். திரையில் மணல் மணலாகத்தான் தெரிந்தது. அதற்குக் கண் பழகிவிட்டது.

பல வேர்கள் ஏமாற்றின. சிலவற்றில் பக்க வேரே முளைக்கவில்லை. ஒரு நாள் மாலை வாக்கில், எடுத்த படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். உள்ளிருந்து இளம் வேர் மேடு தட்டிக்கொண்டு வந்தது. அதற்கு மேலே இருந்த செல் நடுவில் மெலிந்தது. உடையவில்லை. ஓரத்துப் பச்சை அறுபடாமல் அப்படியே இருந்தது. உள்ளே இருந்த தண்ணீரை இழந்தது போலத் தட்டையாகி, இரண்டு பக்கமும் ஒதுங்கியது. இளம் வேர் அதைக் கடந்து போனது. பின்னோக்கி ஓட்டினாள், மறுபடி முன்னால் ஓட்டினாள். துள்ளிக் குதிக்கத் தோன்றவில்லை. தலைவலி விட்டது மாதிரி இருந்தது. எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, அது தற்செயலா என்று பார்க்க அடுத்த வேரை வைத்தாள்.

தற்செயல் இல்லை என்று உறுதியாக வெகு காலம் ஆயிற்று. உலகத்தைப் புரட்டிப் போட்ட கண்டுபிடிப்பு என்றும் சொல்ல முடியாது. வேறொரு செடியில் இதுபோல நடப்பதாக வேறு யாரோ முன்பே எழுதியிருந்தார்கள். இவள் பார்த்தது வயலோரத்தில் முளைக்கும் ஒரு களையில். அதிலும் அப்படித்தான் என்று கட்டுரை வந்தது. எழுதியவர்கள் வரிசையில் மீன்காரன் பெயரும் இருந்தது. அவன் போன் செய்தான்.

"ஜெல் ஊத்தக் கத்துக்கொடுத்ததுக்கெல்லாம் பேர் போடுவாங்களா?"

"நான் போடுவேன். வேண்டாம்னா சொல்லு, எடுக்கச் சொல்லி எழுதறேன்."

"பரவாயில்லை, இருக்கட்டும்."

அத்தை ஒரு முறை நுண்ணோக்கி அறையைப் பார்க்க வேண்டும் என்றார். அழைத்துப் போனாள். திரையில் வேரைக் காட்டி, எது எந்த அடுக்கு என்று விளக்கிக்கொண்டே திரும்பினால், அத்தை புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் தூங்கிப்போயிருந்தார். எழுப்பியதும், "அந்த ஏசியைக் குறைக்கச் சொல்லு" என்றார்.

பிறகு ஒரு நாள் மகனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று, "யாருடா அந்தப் பொண்ணு?" என்று கேட்டார். அவன் அதுவரை வானிலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான். போனை வைத்ததும் அவர் சமையலறைக்கு வந்து, மறைக்காமல் சொன்னார்.

"அவன் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கப் போறான், கண்ணு. அங்க ஸ்கூல் டீச்சராம்."

அவள் கழுவிக்கொண்டிருந்த டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு அதையே எடுத்து இன்னொரு தடவை கழுவினாள். "சந்தோஷம் அத்தை" என்றாள். அது பொய்யில்லை. ஆனால் அன்று சாப்பாட்டில் உப்பு போட மறந்துவிட்டாள். அத்தை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்தார். கல்யாணத்துக்கு அத்தை மட்டும் போய் வந்தார். டீச்சர் நல்ல மாதிரி என்றார். கணீரென்று பேசுவதாக ஒரு சான்றிதழும் கொடுத்தார்.

அத்தைக்குக் கண் புரை வந்தபோது ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. முட்டி வலியோடு பேருந்தில் ஏற முடியவில்லை. அவள், தலையில் நரை நன்றாக ஓடிய பிறகு, கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். பயிற்சி கொடுத்தவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "மேடம், இவ்வளவு மெதுவா ஓட்டினா பின்னால வர்றவன் இறங்கி நடந்து போயிடுவான்" என்றார். முதல் தடவை உரிமம் கிடைக்கவில்லை. அடுத்த தடவை கிடைத்தது.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனைக்கு அவளே ஓட்டிக்கொண்டு போனாள். அத்தை பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"இடது பக்கம் ஏதோ வருது."

"பாத்துட்டேன் அத்தை."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது? எனக்கே மங்கலாத்தான் தெரியுது."

"எனக்குக் கண்ணு நல்லா இருக்கு அத்தை."

"அப்ப ஹாரன் அடி."

அடித்தாள். இடது பக்கம் வந்த சைக்கிள்காரர் திடுக்கிட்டு முறைத்துவிட்டுப் போனார். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிறுத்த இடம் இல்லை. சுற்றி வந்தாள். மறுபடி சுற்றி வந்தபோது ஒரு கார் கிளம்பிக்கொண்டிருந்தது. அது போகும்வரை காத்திருந்து, பின்னால் இரண்டு பேர் ஹாரன் அடிக்க அடிக்க, நிதானமாக உள்ளே நுழைத்து நிறுத்தினாள்.